காண்பதற்கும் விலை உண்டோ?

இமயம் என்றவுடன் தமிழ் படித்தவர் நெஞ்சில் முதலில் எழுபவன் சேரன் செங்குட்டுவன். கண்ணகிக்குப் படிமம் சமைக்கக் கல் வேண்டும். அதனைப் பொதியிலில் எடுப்பதைக் காட்டிலும் இமயத்தில் எடுப்பதே தன் குடிக்குப் பெருமை என்று கருதி வடக்கே படையெடுத்தான். கனகன், விசயன் என்னும் மன்னர் இருவரை வென்று, எடுத்த கல்லை அவர்தம் தலையிலேயே ஏற்றிக் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டம் கூறுகின்றது. பள்ளியில் இப்பகுதியைப் படித்த நாளில் எங்கள் வகுப்பு முழுவதுமே மார்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கல்லைத் தலையில் தாங்கிய அவ்விருவருக்கு இமயம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்னும் நினைப்பு எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. எனக்கு அந்நினைப்பு எழுவதற்கு வயது நாற்பதைக் கடக்கவும், நானே இமயத்துப் பள்ளத்தாக்கு ஒன்றிற்குச் சென்று மீளவும் வேண்டியிருந்தது.

காண்பது குற்றமற்ற செயல் என்றே நாம் எண்ணி வருகின்றோம். உண்டால் உணவு குறையும். எடுத்தால் பொருள் குறையும். மலரைப் பறித்தால் செடி வெறுமையாகும். பார்ப்பதனால் எது குறையும்? ஆயிரம் பேர் பார்த்த பின்னும் நிலவு முழுமையாகவே இருக்கின்றது. ஆகவே அழகிய இடங்கள் எல்லார்க்கும் பொது. அவற்றைக் காண்பது எவரிடமும் அனுமதி பெறத் தேவையில்லாத உரிமை. இவ்வாறுதான் நானும் நினைத்திருந்தேன். இந்நினைப்பு எங்கே ஆட்டம் கண்டது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்திக் கொண்டு, என் அன்னையாருடன் தில்லியிலிருந்து கார்வால் மலைநாட்டிற்குப் புறப்பட்டேன். அன்னையாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பத்ரிநாதனைத் தரிசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு முன்பாகவே, வழியில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கினைக் காண வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் அடக்கிவிட்டேன். எழுத்தர் வேலையில் இருபது ஆண்டு கழித்தவனுக்கு இதுகூடக் கைவராதா?

ஜோஷிமடத்தைக் கடந்து பத்ரிநாத் சாலையில் சென்றால் கோவிந்தகாட் என்னும் ஊர் வரும். அங்கே அளகநந்தையைக் கடந்து, பக்கத்து மலையிடுக்கில் புகுந்து, புல்னா என்னும் சிற்றூர்வரை வண்டியில் போகலாம். அதற்கப்பால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலைப்பாதை. நடந்தோ கோவேறு கழுதைமேல் அமர்ந்தோ காங்கரியா என்னும் தங்குமிடத்தை அடைய வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஜூன் வெள்ளத்தில் இப்பாதையும், வழியில் இருந்த பியூந்தர் கிராமமும் பெருஞ்சேதம் அடைந்தன. பாறைகள் உருண்டு கிடக்கும் ஆற்றோரத்தைக் கண்டாலே அன்றைய சீற்றம் விளங்கும். சீக்கியப் பெருமக்கள் ஹேமகுண்ட் சாகிபிற்குச் செல்வதும் இவ்வழியேதான். அவர்கள் வயது பாராமல், மூச்சு வாங்கினாலும் திருநாமம் சொல்லி ஏறிச் செல்வதைக் கண்டபோது எனக்குச் சிறிது நாணமாகவும் இருந்தது. அவர்கள் வணங்கப் போகிறார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போகிறேன்.

காங்கரியாவிலிருந்து பள்ளத்தாக்கிற்குள் கழுதைகளை விடுவதில்லை. நடக்க இயலாதவர் ‘கண்டி’யில் செல்லலாம். கண்டி என்பது ஆள் அமரும் வண்ணம் பின்னிய மூங்கிற்கூடை. அதன் பட்டையைச் சுமப்பவர் நெற்றியில் மாட்டிக் கொள்வார். அமர்பவர் அவர் முதுகோடு முதுகு வைத்து, பின்புறம் நோக்கி உட்கார்ந்திருப்பார். சுமப்போரில் பலர் நேபாளத்திலிருந்து பருவத்திற்குப் பருவம் வருபவர்கள். எங்களுக்கு வாய்த்தவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். அன்னையாரை ஏற இறங்கப் பார்த்தார். எடை எவ்வளவு என்று கேட்டார். நாற்பத்தெட்டுக் கிலோ என்றேன். கூலி பேசி முடிந்தபின், உள்ளே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் 300 ரூபாய் கூடுதலாகத் தரவேண்டும் என்றார். நான் 150 ரூபாயில் முடித்தேன். முடித்த திறமையைப் பற்றி அன்று காலை எனக்கு உவகையாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கண்டிக் கூலிக்குப் பயணச் சலுகையில் இடமில்லை என்பதும் அந்தப் பேரத்திற்கு ஒரு காரணம்.

காவற்சாவடியில் அனுமதிச் சீட்டுப் பெற்று உள்ளே சென்றால், முதலில் பள்ளத்தாக்கே தெரியாது. புஷ்பவதி ஆறு இரு பாறைச் சுவர்களுக்கிடையே நுரைத்து இறங்குகின்ற ஒடுங்கிய மலையிடுக்கே தெரியும். பாலம் ஒன்றைக் கடந்து செங்குத்தாக ஏற வேண்டும். வானம் ஒரு துணிக்கிழிசல் அளவே மேலே தொங்குகின்றது. பின்னர் ஒரு திருப்பத்தில், கதவைத் திறந்தாற்போல், மலைகள் இருபுறமும் விலகி நிற்கின்றன. 3,500 மீட்டர் உயரத்தில் ஒரு பச்சை வெளி. எங்கும் மலர். நம்மூர்க் காசித்தும்பையின் இமயத்து உறவினம் ஆளுயரத்திற்கு வளர்ந்து மலைச்சரிவையே இளஞ்சிவப்பாக்கியிருந்தது. பாறையோரங்களில் நீலப் பாப்பிகள். பனியாறுகள் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. வருணனையில் இறங்கினால் நான் சொல்ல வந்தது பின்தங்கிவிடும். அன்று நான் சற்று நேரம் பேச்சிழந்து நின்றேன் என்பது போதும்.

இப்பள்ளத்தாக்கைக் ‘கண்டுபிடித்தவர்’ பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் என்று வழிகாட்டிப் பலகைகளும் நூல்களும் உரைக்கின்றன. 1931-இல் காமெட் சிகரத்தை ஏறி முடித்து மீளும் வழியில், கணவாய் ஒன்றைக் கடந்து இறங்கியவர் இதனுள் வந்து சேர்ந்தார். 1937-இல் மீண்டும் வந்து தங்கி, செடிகளையும் விதைகளையும் திரட்டினார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய நூலால்தான் இவ்விடத்திற்கு உலகப் புகழும், இன்றைய பெயரும் கிடைத்தன. 1939-இல் ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார் மலர்ச்செடி சேகரிக்க வந்து, பாறையில் கால் வழுக்கி வீழ்ந்து உயிர் நீத்தார். அவர் கல்லறை பள்ளத்தாக்கினுள் மலர்களுக்கிடையே இருக்கின்றது.

ஸ்மைத்தின் மலர்க்காதலை நான் ஐயுறவில்லை. எனினும் ‘கண்டுபிடித்தார்’ என்னும் அந்தச் சொல்லை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. பியூந்தர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் ஆடுகளை அங்கேதான் மேய்த்து வந்தனர். அவர்களுக்கு அது புற்றரை, கோடைக் கொட்டில், சில பருவங்களில் தேவதைகள் உலவும் அஞ்சத்தக்க இடம். அவர்கள் அதனை நாள்தோறும் கண்டனர், கண்டதாக எழுதவில்லை. எழுதாதது கோப்பில் சேராது. எங்கள் அலுவலகத்திலும் இதுவே நியதி. நடந்தது வேறு, பதிவானது வேறு; பதிவானதே நடந்தது.

1982-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. 87.5 சதுரக் கிலோமீட்டர். மேய்ச்சல் தடுக்கப்பட்டது, இரவில் தங்குதல் தடுக்கப்பட்டது. மலர்களைக் காப்பாற்ற ஆடுகளை விலக்கினார்கள். விளைந்தது யாரும் எதிர்பாராதது. பாலிகோனம் என்று தாவரவியலார் வழங்கிய, ஆளுயரம் வளரும் களை ஒன்று புதர்புதராகப் பரவி மலர்ச்செடிகளை மூடத் தொடங்கியது. ஆடுகள் மேய்ந்த காலத்தில் இக்களை அடங்கியிருந்தது என்று ஊரார் சொல்கின்றனர். அறிஞருள் இதனை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. எவ்வாறாயினும் இப்போது ஆண்டுதோறும் ஆட்களை அமர்த்திக் களையைப் பிடுங்குகின்றார்கள். நாங்கள் சென்ற அன்றும் சிலர் குனிந்து பிடுங்கிக் கொண்டிருந்தனர். ஆடு கூலியின்றிச் செய்த வேலையை மனிதர் கூலிக்குச் செய்வதைக் கண்டு அன்னையார், “ஆட்டையே விட்டிருக்கலாமே” என்றார். அறிஞர் பலர் ஏடு நிறைய எழுதியும் முடிவு காணாத வழக்கில் அவருக்கு ஐயமே எழவில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து இறங்கியபின், ஜோஷிமடத்தில் ஒருநாள் ஓய்வெடுத்தோம். அன்று பிற்பகல் நான் மட்டும் வாடகை வண்டியில் நீதிப் பள்ளத்தாக்குச் சாலையில் ரேணி வரை சென்று வந்தேன். ரிஷி கங்கை தன் மலையிடுக்கிலிருந்து வெளிப்பட்டுத் தௌலி கங்கையுடன் கலக்கும் இடம் அது. அம்மலையிடுக்கினைப் பற்றி நூலகத்தில் படித்த நாள்முதலே அதன் வாயிலையேனும் காண வேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டு.

7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவிச் சிகரத்தைச் சுற்றி மலைச்சுவர் ஒன்று ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வளைந்து நிற்கின்றது. அச்சுவரில் இயற்கை விட்ட ஒரே பிளவு இந்த ரிஷி மலையிடுக்கு. 1883 முதல் அரை நூற்றாண்டுக் காலம் பலர் உள்ளே புக முயன்று திரும்பினர். 1934-இல் எரிக் ஷிப்டன், டில்மன் என்னும் இருவர், ஆங்தார்க்கே, பசாங், குசாங் என்னும் ஷெர்ப்பாக்கள் மூவருடன், பாறைச் சுவரில் விரற்கடை இடம் தேடித் தேடி உள்ளே சென்றனர். 1936-இல் டில்மனும் ஓடலும் சிகரத்தின் உச்சியிலும் ஏறினர். பின்னர் நிகழ்ந்தவற்றில் பெருமைப்படத் தக்கவை சில, தகாதவையும் உண்டு. சீனத்து அணுச் சோதனைகளை வேவு பார்ப்பதற்காக, அமெரிக்க உளவுத்துறையும் நம் அரசும் சேர்ந்து, 1965-இல் புளூட்டோனியத்தால் இயங்கும் கருவி ஒன்றை அம்மலைமீது ஏற்ற முயன்று, பனிப்புயலில் இடைவழியே விட்டு வந்தன. மறு ஆண்டு தேடியபோது அது கிடைக்கவில்லை. 1978-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே இதனை ஒப்புக்கொண்டார். அதுவும் ஒருவகைக் ‘காணும்’ ஆசைதானே! 1974-இல் உள்வட்டம் அயல்நாட்டு மலையேறிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த எட்டாண்டுகளில் வந்தவர்கள் அடுப்பெரிக்க அரிய மரங்களை வெட்டினர். தகரக் குவளைகளைக் குவித்துச் சென்றனர். 1982-இல் அதனையும் தேசியப் பூங்கா என்று அறிவித்து அடைத்துவிட்டார்கள். 1993-இல் இராணுவப் பொறியியல் படைப்பிரிவினர் தனி அனுமதி பெற்று உள்ளே சென்றபோது, பழைய குப்பைகளை அகற்றுவதும் அவர்கள் பணிகளுள் ஒன்றாக இருந்தது.

அடைத்தது சரியே என்று தில்லியில் இருந்தவரை நினைத்தேன். ரேணியில் ஒரு தேநீர்க் கடைப் பெரியவரிடம் பேசியபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல நா எழவில்லை. அவர் இளமையில் மலையேறிகளுக்குச் சுமை தூக்கியவர். “குப்பை போட்டவர்கள் சீமைக்குப் போய்விட்டார்கள். பூட்டு எங்கள் வீட்டு வாசலில் தொங்குகிறது” என்றார். சுமைக்கூலியும் போயிற்று, உள்வட்டத்தை ஒட்டிய மேய்ச்சல் நிலமும் போயிற்று. இவர்கள் காட்டை அழித்தவர்களும் அல்லர். 1974 மார்ச்சு 26 அன்று, ஆடவர் ஊரில் இல்லாத வேளை பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை, கௌரா தேவி என்னும் பெண்மணியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்று திருப்பியனுப்பியது இதே ரேணியில்தான். பக்கத்து ஊராகிய லாத்தாவின் மக்கள், 1998-இல் தடையை மீறிக் காப்புப் பகுதிக்குள் நுழைந்து தம் உரிமையைக் கோரினர். 2001-இல், வருவோர் எவ்வாறு வரவேண்டும் என்பதை மலைமக்களே முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு சாற்றுரையும் வெளியிட்டனர்.

ஆக, திறந்து வைத்தால் வெளியூரார் கெடுக்கின்றனர். பூட்டினால் உள்ளூரார் இழக்கின்றனர். இரண்டிலும் விலை கொடுப்பவர் ஒருவரே என்பது என் கண்ணில் பட்டது. பார்வைக்கு விலையில்லை என்று நான் நினைத்திருந்ததன் காரணம் இதுதான்: விலையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. வேறொருவர் கணக்கில் அது பற்று வைக்கப்பட்டிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலிமையான மறுப்பு. நீங்கள் வராவிட்டால் சுமப்பவர் என்ன செய்வார்? இதனை நான் கற்பனையாக எழுப்பவில்லை. கண்டி சுமந்தவரிடமே, இறங்கும் வழியில், “இவ்வளவு கடினமான தொழில் எதற்கு?” என்று பட்டணத்து இரக்கத்தோடு கேட்டேன். அவர் கூடையை ஒரு பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, “சாகேப், நீங்கள் வருவதால்தான் என் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான்” என்று சொல்லிச் சிரித்தார். என் இரக்கம் அவருக்குப் பயன்படாத பண்டம். என்னிடம் அவருக்குப் பயன்பட்டிருக்கக் கூடியது, நான் குறைத்துக் கொண்ட 150 ரூபாய்.

எனவே, எவரும் எங்கும் செல்லலாகாது என்பது என் முடிவன்று. வீட்டில் அமர்ந்து படத்தில் பார்த்துக் கொள்ளுங்கள் என்று பிறர்க்கு உரைப்பது, தான் பார்த்து முடித்தவனுக்கு எளிது. கூலி கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. கனக விசயர்க்குக் கூலி இல்லை. எங்கள் கண்டிக்காரர்க்குக் கூலி உண்டு. இது பெரிய வேறுபாடுதான். ஆயினும் இரண்டிடத்தும் ஒன்று பொதுவாக இருக்கின்றது. பயணத்தின் புகழ் செங்குட்டுவனுக்கு. பயணத்தின் படம் என் கைப்பேசியில். அப்படங்களை அலுவலகத்தில் காட்டியபோது, “அம்மாவை அவ்வளவு உயரத்திற்கு அழைத்துச் சென்றீர்களே!” என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. பிள்ளைக் கடமையைச் செவ்வனே செய்தவன் என்னும் நற்பெயர் யாருக்குக் கசக்கும்?

அன்று ஏறும்போது நான் கண்டிக்குப் பின்னால் நடந்தேன். அன்னையார் பின்புறம் நோக்கி அமர்ந்திருந்தமையால் வழிநெடுக எங்கள் இருவர் முகமும் எதிரெதிரே இருந்தன. பேசிக் கொண்டே சென்றோம். முன்னே இருக்கும் மலர்வெளி அவருக்குத் தெரியவில்லை. கடந்து வந்த மலையிடுக்கே தெரிந்தது. சுமப்பவரின் முகமோ எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவருடைய மூச்சொலி மட்டும் கேட்டது. அவர் நின்று இளைப்பாறிய போதெல்லாம், “பேட்டா, தண்ணீர் குடி” என்று அன்னையார் தமக்குத் தெரிந்த இந்தியில் கூறுவார். “வேண்டாம், மாதாஜி” என்று முன்புறத்திலிருந்து விடை வரும்.

2021 பிப்ரவரி 7 அன்று, ரோண்டி மலையிலிருந்து பெரும் பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷி கங்கையில் வீழ்ந்தன. நான் வாயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த அதே மலையிடுக்கின் வழியே சேறும் கல்லும் வெள்ளமாகப் பாய்ந்து, ரேணியில் இருந்த மின்நிலையத்தை அடியோடு கொண்டுபோயின; கீழே தபோவனத்தில் கட்டப்பட்டு வந்த மின்திட்டத்தின் சுரங்கத்தினுள்ளும் புகுந்தன. இறந்தோரும் காணாமற் போனோருமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் அங்கே வேலை செய்து கொண்டிருந்த தொழிலாளர். தொலைக்காட்சியில் அக்காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அதனையும் நாங்கள் பார்த்தோம்.

அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்து, “ஏம்பா, நம்மைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பிள்ளை அங்கேதான் இருப்பானோ?” என்று கேட்டார். அது வேறு பள்ளத்தாக்கு என்றும், பிப்ரவரியில் காங்கரியா பனி மூடிக் கிடக்குமாதலால் அவர் தம் நாட்டிற்குத் திரும்பியிருப்பார் என்றும் விளக்கினேன். அன்னையாருக்கு மனம் சமாதானம் ஆகவில்லை. குளிர்காலத்தில் இவர்கள் வேறு கட்டட வேலைகளுக்குச் செல்வது உண்டல்லவா என்றார். உண்டு என்பது எனக்கும் தெரியும்.

“பேர் என்ன சொன்னான்?” என்றார்.

1934-இல் ரிஷி மலையிடுக்கினுள் நுழைந்த ஷெர்ப்பாக்கள் மூவரின் பெயரும் எனக்கு மனப்பாடம். செங்குட்டுவனின் கல்லைச் சுமந்த இருவரின் பெயரையும் பன்னிரண்டு வயதிலேயே தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றேன். என் அன்னையை முதுகில் சுமந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. பயணக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். வண்டிச் சீட்டுகளுக்கும் விடுதிப் பற்றுச்சீட்டுகளுக்கும் இடையே கண்டிக்கான சீட்டும் இருந்தது. அதில் தேதி, தொகை, சுமப்பவரின் பதிவு எண் ஆகியவை இருந்தன. எண்ணை அன்னையாரிடம் படித்துக் காட்டினேன்.